ஸ்டென்சிலில் நான் அழித்த இரண்டு வரிகள்

நேற்று மாலை மருமகள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து சிவப்பு நகப்பூச்சுப் புட்டியைத் திறந்ததுதான் தாமதம், அந்த நெடி நேராக என் மண்டைக்கு ஏறியது. "என்னங்கத்தே, வாசன ஒத்துக்கலியா? ஜன்னலத் தொறக்கட்டுமா?" என்று கேட்டாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நெடி எனக்கு நகத்தை ஞாபகப்படுத்துவதில்லை, பிரதி எடுப்பதற்காக டைப் செய்கிற ஸ்டென்சில் தாளைத்தான் ஞாபகப்படுத்துகிறது. மெழுகுத் தாளில் தப்பாக விழுந்த எழுத்தின் மேல் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, அதன் மேலேயே திரும்ப டைப் செய்வோமே, அந்தச் சிவப்புத் திரவம். அதற்கும் இதற்கும் ஒரே நெடி. எனக்கு அதையெல்லாம் கற்றுக்கொடுத்தவள் நீ. உன்னைப் புதைத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. இத்தனை நாள் அழாதவள் மருமகளின் நகப்பூச்சுக்கு அழுதேன் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்தால் வாசலில் உங்கள் கோயில் கமிட்டிச் செயலாளர் நிற்கிறார். நல்ல மனிதர், பாங்கில் வேலை, மரியாதையான பேச்சு. "பெரீம்மா, முப்பதாம் நாள் பூசைக்கு சின்னதா ஒரு மலர் போடறோங்க. அவங்கள உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பக்தி, பொறுமை, எத்தன புள்ளைங்களுக்கு டைப்பிங் சொல்லிக் குடுத்தாங்க, அந்த மாதிரி" என்றார். காப்பியைக் குடித்து முடித்து எழுந்தவர், செருப்பு மாட்டிக்கொண்டே மெதுவாகச் சேர்த்தார்: "அந்த அடிமை மேட்டரு மட்டும் வேண்டாங்க. இப்பெல்லாம் எங்க பசங்க வெளிநாடு வரைக்கும் போயிட்டாங்க. பழச எதுக்குக் கெளறிக்கிட்டு?"

நான் தலையாட்டினேன். அவர் சந்தோஷமாகப் போனார். பக்தி, பொறுமை! பூசை நேரத்தில் பிரசங்கம் நீண்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்க்கிறவள் நீ. பொறுமை உனக்கு இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதனால் கமிட்டி கேட்ட இரண்டு பக்கத்தை எழுதுவதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது பாதி உண்மை. கம்பைநல்லூரிலிருந்து உள்ளே போகிற மண் ரோட்டில், ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. பெரிய வூடு என்பார்கள். அந்தப் பக்கம் உங்கள் வேதக்காரர் தெரு, கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம், ஓடு போட்ட கோயில். உன் தாத்தாவும் அவருடைய அப்பாவும் எங்கள் பண்ணையில் ஆளாக இருந்தவர்கள். உன் அப்பா காலத்தில் அதற்குக் குத்தகை என்று பெயர் மாறியது, வேலை மாறவில்லை. சின்ன வயதில் உன்னைக் களத்துமேட்டில் தூரத்தில் பார்த்ததோடு சரி. பதினேழு வயதில் நீ கன்னியர் மடத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நாலு வருஷம் கழித்து, வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டர் ஆவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். மடத்திலிருந்து திரும்பிய பெண் என்றால் உங்கள் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். உன் அம்மா ஆறு மாதம் பூசைக்குக் கடைசி ஆளாகப் போய் முதல் ஆளாக வெளியே வந்தார்.

நாம் முதன்முதலாகப் பேசியது அறுபதுகளின் கடைசியில், தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில். மாப்பிள்ளை அமையும்வரை எனக்குப் பொழுது போக வேண்டுமென்று அப்பா சேர்த்துவிட்டிருந்தார். நீ அங்கே சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாய். மூலையில் இருந்த ஒரே ஒரு தமிழ் மெஷின் முழுக்க உன் பொறுப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று "வாங்க பாப்பா" என்றாய். நீ என்னைவிட ஒரு வயது மூத்தவள், அதுவும் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. என் மெஷின் எது என்று மட்டும் கேட்டேன்.

நம் சிநேகிதம் சண்டையில் தொடங்கியது. அந்த நாட்களில் உங்கள் கோயிலில் அமெரிக்காவிலிருந்து வந்த பால் பவுடரும் கோதுமையும் கொடுப்பார்கள். ஊரே செய்கிற கிண்டலை நானும் செய்தேன். "உங்க வேதம் பால் பவுடரு வேதந்தானே" என்றேன், டைப் அடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே. நீ மெஷினை நிறுத்தவில்லை. வரி முடிந்து மணி அடித்த பிறகுதான் நிமிர்ந்தாய்.

"ஆமா. பசிச்சுச்சு, குடிச்சோம். உங்க வூட்டுல ஒரு சொம்பு மோரு குடுத்திருந்தா உங்க சாமியவே கும்புட்டிருப்போம். யாரு வேணாம்னாங்க?"

பாப்பாவும் போயிற்று, வாங்கவும் போயிற்று. அன்று முறைத்துக்கொண்டு போனவள் மறுநாள் வந்து உனக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியாது. அதுவரை என் வயதுக்காரி யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. அது பிடித்துப்போயிற்றோ என்னவோ.

நீ மடத்திலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் துணியைவிடத் தாள்தான் அதிகம். மடத்துக்குப் பக்கத்தில், பாதிரியார் ஆவதற்குப் படிக்கிற குருமடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் தத்துவம் நடத்தினார். அவருடைய பாடக் குறிப்புகளை டைப் செய்து கொடுப்பது உன் வேலை. டைப் செய்கிறவள் படிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. படிப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். தப்பு விழுந்த தாள்களை எரித்துவிடச் சொன்னார்கள். நீ எரிக்காமல் எடுத்து வைத்தாய். அந்தத் தாள்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுக் கையோடு, இங்கிலீஷிலிருந்து நம் பேச்சுக்கு மாற்றி மாற்றிச் சொல்வாய்.

ஐரோப்பாவில் நூறு வருஷமாகத் தத்துவக்காரர்கள் முதல் கிறிஸ்தவர்களிடம் திரும்பத் திரும்பப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. ஒருவர், கோயிலில் கூட்டம் நிறைய இருக்கிறது, அந்த முதல் ஆட்களைப் போல ஒரு ஆள்கூட இல்லை என்று தன் ஊர்ப் பாதிரியார்களோடு மல்லுக்கு நின்றவர். இன்னொருவர் முதல் சபைகளுக்கு எழுதப்பட்ட மடல்களை வைத்துக்கொண்டு, காலம் என்றால் என்ன என்று பாடம் நடத்தியவர். உன் சாமியார் வாலிபத்தில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாராம். கடைசி நாள் என்றைக்கு வரும் என்று அந்த முதல் ஆட்கள் தேதி குறிக்கவில்லை, இன்றைக்கே என்பதுபோல விழித்திருந்தார்கள் என்பது அவர் பாடம். எனக்கு அப்போது பாதி புரிந்தது. நீ பொரியலை எடுத்துக்கொண்டே, "தேதி பாக்கறது தேதி வெச்சிருக்கறவங்க வேல. எங்க தாத்தனுக்கு ஏது தேதி? கூப்புட்ட அன்னிக்குத்தான் அவருக்கு நாளு" என்றாய்.

எல்லாவற்றிலும் உனக்குப் பிடித்தது ஒரே வாரத்தில் நீ அடித்த இரண்டு தாள்கள். முதல் தாளில் ஒரு ஜெர்மன்காரர். பெரிய மீசை. கிறிஸ்தவம் என்பது அடிமைகளின் மதம், மேலே இருந்தவர்களைப் பழிவாங்குவதற்காகக் கீழே இருந்தவர்கள் தங்கள் பலவீனத்துக்கே புண்ணியம் என்று பேர் வைத்துக்கொண்டார்கள் என்று காறித் துப்பியவர். இரண்டாம் தாளில் ஒரு பிரெஞ்சுப் பெண். தத்துவம் படித்துவிட்டுத் தொழிற்சாலையில் கூலி வேலைக்குப் போனவள். ஏதோ ஒரு கடலோர ஊரில் ஏழை மீனவப் பெண்கள் பாடிக்கொண்டு ஊர்வலம் போவதைப் பார்த்து அவளும் அதையேதான் சொன்னாள்: இது அடிமைகளின் மதம், நானும் அதில் ஒருத்தி. "பாரு புள்ள, ரெண்டு பேரும் ஒரே பேச்சு. அவரு துப்பறாரு, இவ கும்புடறா" என்றாய்.

"உனக்கு இதுல எது சரி?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் எங்களக் கேக்கவே இல்லியே."

இதைத்தான் நீ அந்தச் சாமியாரிடமும் கேட்டாய். டைப் செய்த தாளைக் கொடுக்கும்போது, இவர்கள் இருவரில் யாராவது ஒரு அடிமையிடம் போய்ப் பேசியிருக்கிறார்களா ஃபாதர் என்று கேட்டாய். அவர் நல்லவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தெரியவில்லையே என்றார். கூட இருந்த மடத்துத் தலைவி மதருக்குத்தான் பொறுக்கவில்லை. கேள்வி கேட்கிறவளுக்கு மடம் சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டார். நாலு வருஷம் ஒரு கேள்வியோடு முடிந்தது. அதை நீ வருத்தமாகச் சொன்னதே இல்லை. உன் அம்மாவை நினைத்துத்தான் உன் குரல் இறங்கும்.

நான் அந்த வார்த்தையைச் சும்மா விடவில்லை. "எங்க வூட்டுல யாரையும் அடிமையா வெக்கல. பண்ணையாளுன்னு சொல்லு" என்றேன்.

"சரி. பண்ணைய வுட்டுட்டு வேற பக்கம் போலாமா?"

"அது எப்படி, வாங்குனத அடைக்காம?"

"கல்யாணம் வெக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்?"

"எங்க தாத்தாகிட்ட."

"செத்தா யார்கிட்ட சொல்லணும்?"

நீ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாய். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

அதே தாள்களில் இன்னொரு சங்கதியும் இருந்தது. முதல் சபைக் காலத்தில், எஜமானிடமிருந்து ஓடிப்போன ஓர் அடிமையிடமே ஒரு மடலைக் கொடுத்து, சிறையிலிருந்த திருத்தூதர் அவனைத் திருப்பி அனுப்புகிறார். இவனை இனி சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எஜமானுக்கு எழுதிய சின்ன மடல். மடலைப் பற்றிப் பெரிய படிப்பாளிகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். நீ கேட்டது வேறு: "எழுதுனவரு யாருன்னு தெரியுது, வாங்குனவரு யாருன்னு தெரியுது. தூக்கிட்டுப் போனவனுக்கு உள்ள என்னா எழுதியிருக்குன்னு தெரியுமா? அத ஒருத்தரும் சொல்லல."

இனி கொடி விஷயம். உங்கள் கோயில் இருக்கும் இடம் எங்கள் தாத்தா கொடுத்தது. அதனால் வருஷா வருஷம் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்னால் அதைத் தட்டில் வைத்து, மேளத்தோடு, ஏரிக்கரை வழியாக எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவார்கள். எல்லோரும் செருப்பில்லாமல் நிற்பார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழாமலே கொடியைத் தொட்டுக் கொடுப்பார். அவருக்கு முதல் மாலை. பிறகுதான் கொடி கோயிலுக்குப் போய் ஏறும். தட்டைத் தூக்கி வருகிறவர் உன் அப்பா. சின்ன வயதில் எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? பூவும் பொரியும் கிடைக்கும். அவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கோயிலுக்கு ஏதோ ஒரு பெரிய ஆண்டு நிறைவு வந்தது. நாலு பக்கத்தில் கோயில் வரலாறு எழுதி எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமென்று, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பங்குச் சாமியார் ஆசைப்பட்டார். தமிழ் மெஷினில் ஸ்டென்சில் வெட்டத் தெரிந்த ஆள் அந்தப் பங்கில் நீ ஒருத்திதான். எழுதவும் உன்னிடமே விட்டுவிட்டார், பாவம். கடைசிப் பக்கத்தில் நீ இரண்டு வரி வைத்தாய்: "இக்கோயிலின் முதல் கிறிஸ்தவர்கள் பெரிய பண்ணையின் அடிமைகள், அடிமைகளைத் தேடி வந்த வேதத்துக்கு நாங்களே சாட்சி. ஆகையால் இவ்வாண்டு முதல் கொடி எவர் வாசலுக்கும் போகாமல் கோயிலிலிருந்தே ஏறும்."

முதலில் கொதித்தது எங்கள் வீடு என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? முதலில் கொதித்தது உங்கள் தெரு. கமிட்டிப் பெரியவர் இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்து நின்றார். "கொடிய வேணா சாமியாரு பாத்துக்குவாரு. அடிமைன்னு மட்டும் எழுதாத புள்ள. வெளியூர்க்காரன் படிச்சா நமக்குப் பொண்ணு குடுப்பானா?" என்று கெஞ்சினார். பங்குச் சாமியாரும் ஆள் அனுப்பினார், அந்த இடத்தில் மட்டும் திரவம் தடவிவிட்டு 'வேளாண் குடும்பங்கள்' என்று அடித்துவிடச் சொல்லி. நீ இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னாய். எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். வேண்டாமென்றால் வேறு ஆளை வைத்து அடித்துக்கொள்ளுங்கள். வேறு ஆள் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

நானும் சொன்னேன், மறக்கவில்லை. "இன்னும் கொஞ்ச வருஷத்துல அதெல்லாம் தானா நின்னுரும் புள்ள. காலம் வரட்டுமே" என்றேன்.

"காலம் வரட்டும்னு சொல்றதுக்கும் கையில காலம் இருக்கோணும். எங்கப்பனுக்கு அறுவது ஆவுது. இன்னும் எத்தன தடவ தட்டத் தூக்குவாரு?"

அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "உன் சிநேகிதிகிட்ட சொல்லிடு. அந்த ரெண்டு வரி வெளிய வந்துச்சுன்னா அவங்கப்பன் ஏரிக்கர நெலத்தையும் வூட்டையும் வுட்டுட்டுக் கெளம்பிரலாம்." அவ்வளவுதான். பிறகு பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ அசையமாட்டாய் என்று தெரியும். உன் அம்மா இன்னொரு தடவை தலை குனிவார், உன் அப்பா அறுபது வயதில் தெருவில் நிற்பார் என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீ தபாலாபீசுக்குப் போயிருந்த அரைமணி நேரத்தில் உன் மேஜை இழுப்பறையைத் திறந்து, நாலாவது ஸ்டென்சிலை எடுத்து, அந்த இரண்டு வரியின் மேலும் சிவப்புத் திரவத்தைத் தடவினேன். ஊதினேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன். எங்கள் வீட்டில் யார் எதைச் செய்தாலும் அப்படித்தான் நினைத்துச் செய்வோம்.

மத்தியானம் நீ பிரதி எடுக்கிற சைக்ளோஸ்டைல் மெஷினில் ஸ்டென்சிலை மாட்டினாய். முதல் தாள் வெளியே வந்தது. நடுவில் இரண்டு வரி அகலத்துக்கு வெள்ளை. நீ தாளைப் பார்த்தாய். பிறகு என் கையைப் பார்த்தாய். என் கட்டைவிரல் நகத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. நான் முந்தானையில் கையை மறைத்தேன், மறைத்ததும் எல்லாம் தெரிந்துபோயிற்று.

அதன் மேலேயே நீ திரும்ப அடித்திருக்கலாம், அதற்குத்தானே அந்தத் திரவம். எனக்கு என்னவோ அதுதான் நடக்கும் என்று தோன்றியது. நீ கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாய்.

"அப்படியே ஓடட்டும். எழுதியிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு மடிச்சு வெச்சிருப்பாங்க. காலியா இருந்தா கேப்பாங்க" என்றாய். தாள் தாளாக விழுந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன், அடுக்கிக் கொடுக்கக்கூடத் தைரியம் வரவில்லை.

கேட்டார்கள். அந்த வாரம் முழுக்க உங்கள் தெருவில் அதே பேச்சு. எழுத்து தெரிந்தவர்கள் படித்து முடித்ததும், தெரியாதவர்கள், இந்த வெள்ளை எடத்துல என்ன இருந்துச்சு என்று கேட்டார்கள். கமிட்டிப் பெரியவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. எந்த வார்த்தையை எழுத வேண்டாமென்று கெஞ்சினாரோ அதை வீடு வீடாக அவரே சொல்லிக்கொண்டு போனார். அவர் சொல்லச் சொல்ல, கிழவிகள், ஆமாமா, எங்க மாமனாரக் கட்டி வெச்சு அடிச்சாங்களே என்று தங்களுடையதைச் சொல்லத் தொடங்கினார்கள். அச்சில் வந்திருந்தால் இவ்வளவு பேச்சு நடந்திருக்காது.

கொடி நாளன்று எப்போதும்போல மேளம் ஏரிக்கரை வழியாக எங்கள் வாசலுக்கு வந்தது. யாரும் நிறுத்தவில்லை, கமிட்டிக்குப் பயம். உன் அப்பா தட்டோடு முன்னால் நின்றார். தட்டில் கொடி, அதன் மேல் உன் தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி தாளை எடுத்துப் புரட்டினார். தன் மிரட்டல் பலித்ததை வெள்ளை இடத்தில் பார்த்திருப்பார். அத்தோடு விட்டிருக்கலாம். எல்லோர் முன்னாலும் அதைக் காட்ட வேண்டும்போல இருந்தது அவருக்கு.

"ஏண்டா, இங்க என்னமோ வுட்டுப்போச்சாட்டம் இருக்குதே?"

உன் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. உன் அம்மாவும் நீயும் கூட்டத்தில் பின்னால் நின்றீர்கள். நான் ஜன்னலில் நின்றேன்.

"வுட்டுப்போவலீங்க ஐயா. அழிச்சிருக்காங்க" என்றார் உன் அப்பா. குரலில் எப்போதும் இருக்கிற மரியாதை அப்படியே இருந்தது. "எங்க தாத்தன் பூட்டனெல்லாம் இந்தப் பண்ணைக்கு அடிமையா இருந்தாங்கன்னு எழுதியிருந்துச்சுங்க. கொடி இனிமே கோயில்லருந்தே ஏறும்னு எழுதியிருந்துச்சுங்க. எம் பொண்ணு எனக்குப் படிச்சுக் காட்டுச்சுங்க."

அப்பா கொடியைத் தொடக் கையை நீட்டினார். உன் அப்பா தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "உத்தரவு வாங்கிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். முதுகைக் காட்டி எங்கள் வாசலிலிருந்து யாரும் போனதில்லை, பின்னாலேயே நடந்துதான் போவார்கள். அவர் முதுகைக் காட்டினார். பிறகு மேளக்காரர்கள் யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் தட்டு போன பக்கம் போனார்கள். கூட்டமும் போயிற்று. மாலை மட்டும் மிஞ்சியது. அதை எடுத்துவந்தவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் கேட்டில் மாட்டிவிட்டு ஓடினார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டையும் வாயைப் பொத்திக்கொண்டு செய்தேன்.

அடுத்த மழைக்கு முன்னால் நிலம் போயிற்று, வீடு போயிற்று. அப்பா சொன்ன சொல் தவறாதவர். உன் அப்பா அரூரில் மண்டியில் மூட்டை தூக்கினார். மூன்று வருஷம் தூக்கினார், நாலாவது வருஷம் அவரைத்தான் தூக்கினார்கள். எதற்காக நான் அந்த வரிகளை அழித்தேனோ, அது அழித்தும் நடந்தது. வெள்ளை இடம் உன் வரியைவிடச் சத்தமாகப் பேசியது உண்மைதான். அதை வைத்து நான் செய்தது நல்லதாகப் போயிற்று என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரோடு பிறகு நான் பேசுவதில்லை.

என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. நான் கூப்பிடத் தைரியமில்லாமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன். ஒன்றரை வருஷம் கழித்து, மடியில் கைக்குழந்தையோடு இன்ஸ்டிட்யூட் படியேறி வந்து உன் முன்னால் உட்கார்ந்தேன். "என் மேல கோவந்தானே?" என்று கேட்டேன். "கோவந்தான். அதுக்காக இத்தன நாளு வராம இருப்பியா?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாய். மன்னித்துவிட்டேன் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன் பிறகு ஐம்பது வருஷம் வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொண்டோம், சண்டை போட்டோம். எனக்குக் கடைசிவரை உன் கடவுள்மேல் நம்பிக்கை வரவில்லை. உனக்குக் கடைசிவரை என் நம்பிக்கையின்மைமேல் மரியாதை வரவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு, "நீ ஞானஸ்நானம் வாங்காமயே இரு. எங்க ஆளுங்களோட சண்ட போடறதுக்கு வெளிய ஒரு ஆளு வேணும்" என்றாய்.

கொடி இன்றும் கோயிலிலிருந்துதான் ஏறுகிறது. ஏன் என்று உங்கள் இளவட்டங்களுக்குத் தெரியாது. புதிதாகக் கட்டிய மண்டபத்தில் என் தாத்தாவின் படத்தை மாட்டி, 'நிலக்கொடை வள்ளல்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். உன் அடக்கத்துக்கு வந்தபோது பார்த்தேன். பிளாஸ்டிக் மாலை, சின்ன மஞ்சள் பல்பு. சவப்பெட்டி அதற்கு நேர் கீழே வைக்கப்பட்டிருந்தது. என்னை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்காரச் சொன்னார்கள், வள்ளலின் பேத்தி என்று. நான் போய் உன் தம்பி பெண்டாட்டியோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

இருபத்திரண்டு நாளாக எனக்குள் ஓடுவது ஒன்றுதான். அடிமை என்ற வார்த்தையை உங்கள் பக்கத்திலேயே வைத்து எல்லோரும் பேசிவிட்டார்கள். ஜெர்மன்காரர் அதைத் துப்பினார், பிரெஞ்சுக்காரி அதைக் கும்பிட்டாள், உங்கள் கமிட்டி அதை மூடி வைக்கிறது, நீ அதைப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு நடந்தாய். வெட்கப்படுவதா பெருமைப்படுவதா என்கிற வேலை முழுக்க உங்களுக்கே விடப்பட்டது. எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒருவர் அடிமையாக இருந்தார் என்றால் அவரை வைத்திருந்த ஒரு வீடு இருந்திருக்க வேண்டும் என்பது இவ்வளவு படித்தவர்களுக்கும் தோன்றவில்லை. எனக்கே எழுபத்தெட்டு வயதில்தான் தோன்றியது.

செயலாளருக்கு இரண்டு பக்கம் வேண்டியதில்லை, மூன்று வரி போதும். இன்று காலை எழுதிவிட்டேன். இதுதான்:

"இக்கோயிலின் முதல் கிறிஸ்தவர்களை அடிமைகளாக வைத்திருந்தது என் குடும்பம். அதை இவள் எழுதியபோது அழித்தது நான். இவள் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியது என் அப்பா."

கீழே என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், வீட்டுப் பெயர், நாலும் முழுசாகப் போட்டிருக்கிறேன். மலரில் போட்டால் போடட்டும். போடாவிட்டால் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என் தாத்தா படத்துக்குக் கீழே எழுந்து நின்று நானே படிப்பேன். குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மைக் வேண்டாம்.